வெள்ளைத் துணியில் விழுந்த தொண்ணூற்றொன்பது சதவீதம்

கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்ட்டரில் நிற்பவர்கள் சொந்தமாகப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. கம்பெனிக்காரனே அட்டைப்பெட்டியில் அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடுகிறான், நாம் வாய்விட்டுப் படித்தால் போதும். அந்தப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தவர்களே, உங்களுக்கு ஓர் ஆறுதல் சொல்கிறேன். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்ற நானும் உங்களோடு சேர்ந்துதான் ஏமாந்தேன்.

எங்கள் கடை நெய்வேலி டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டி மெயின் ரோட்டில் இருந்தது. எல்லார் கையிலும் டச் போன் வர ஆரம்பித்திருந்த சமயம். கம்ப்யூட்டரில் பில் போடவும், பெட்டியில் இருக்கிற இங்கிலீஷைப் படிக்கவும் ஆள் வேண்டும் என்று முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். அப்பா மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், பர்மனென்ட்டாக இருந்தவர், நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். தூசி எனக்குப் புதுசில்லை. தூசி பெயரைச் சொல்லி வியாபாரம் பண்ணலாம் என்பதுதான் புதுசு. காரில் ஏ.சி. காற்று வருகிறதே, அது டாஷ்போர்டுக்குள் இருக்கும் மடிப்பு மடிப்பான ஒரு அட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதற்குப் பெயர் கேபின் ஃபில்டர். அப்படி ஒன்று வண்டியில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கார் கம்பெனி கொடுப்பது ஒன்று என்றால், வெளிக் கம்பெனிகள் போடுவது ஒன்பது. அந்த ஒன்பதையும் புகழ்ந்து விற்ற வாய் இது.

கரி விற்ற கதை

"ஆம்பளைங்க யாராவது இருந்தா கூப்பிடும்மா." கடைக்கு வருகிறவர்களின் முதல் வசனம் இதுதான். கூப்பிட்டால் முதலாளி வருவார், வந்தவர் கேட்டதை அப்படியே என்னிடம் கேட்பார். அப்படி ஒருநாள் வந்தவர் மைன்ஸில் பெரிய பெரிய இயந்திரமெல்லாம் ஓட்டி ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். மகன் கார் வாங்கிக் கொடுத்திருந்தான். நான் விடுவேனா? கறுப்பு ஃபில்டரை எடுத்து நீட்டினேன். "சாதா ஃபில்டர் வெள்ளையா இருக்கும் சார். இதுக்குள்ள கரி வெச்சிருக்கான். வெளியிலேருந்து வர்ற வாடையெல்லாம் கரி இழுத்துக்கும்" என்று பெட்டியில் இருந்ததை ஒப்பித்தேன்.

அவர் அதை வாங்கி முகர்ந்தார். நகத்தால் லேசாகச் சுரண்டி, விழுந்த பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். "இது நம்ம ஊரு கரி இல்ல, தேங்கா ஓட்டுக் கரி" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அடேயப்பா, இங்கிலீஷில் அதேதான் போட்டிருக்கிறது!  இரண்டு ஃபில்டர் வாங்கிக்கொண்டார். போகும்போது சொன்னார்: "முப்பது வருஷம் கரிய வெட்டிப் போட்டவன்கிட்டயே கரிய வித்துட்டியேம்மா, உன் தைரியம் யாருக்கும் வராது!"

பலாப்பழமும் பனிமலையும்

அந்தக் கறுப்பு ஃபில்டர் பெட்டியின் மேல் ஒரு பனிமலை. மலைக்குக் கீழே வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். "எல்லா வாடையும் போகும்" என்று பெரிய எழுத்து. காடாம்புலியூரிலிருந்து ஒரு பலாப்பழ வியாபாரி வந்தார். சீசனில் அவசரத்துக்குச் சொந்தக் காரிலேயே பழம் ஏற்றிவிடுவாராம். வீட்டில் அந்தக் காரில் ஏற மாட்டேன் என்கிறார்களாம். "எல்லா வாடையும்னு போட்டிருக்கான், போட்டுப் பாருங்க" என்று தள்ளிவிட்டேன். வெளிக்காற்றில் வருகிற வாடை வேறு, வண்டிக்குள்ளேயே நாலு மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிற வாடை வேறு என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

ஒரு வாரத்தில் ஆள் திரும்பி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானேன். ஆனால் அவர் கையில் நறுக்கின பலாச்சுளை ஒரு கவர் நிறைய. கவுன்ட்டரில் வைத்துவிட்டு, பெட்டியின் மேல் இருந்த பனிமலையை ஒரு தடவை தட்டிக்கொடுத்தார். "பாவம், பெட்டிக்காரன் பலாப்பழமே பாத்திருக்க மாட்டாம்மா. அவன் மேல தப்பே இல்ல."

கலியமூர்த்தி அண்ணன் வந்தார்

சிரிப்பெல்லாம் அதோடு சரி. இனி சொல்லப்போவது கலியமூர்த்தி அண்ணனைப் பற்றி. கம்மாபுரம் பக்கத்துக்காரர். குடும்பத்து நிலம் மைன்ஸுக்குப் போனபோது கிடைத்ததை வைத்து ஒரு கார் வாங்கி, மைன்ஸுக்குப் போகிற ஆபீசர்களை ஏற்றிக்கொண்டு கான்ட்ராக்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். பகல் ஷிஃப்ட் முழுக்க மண் ரோடுதான். கொஞ்ச நாளாக அவருக்கு இழுப்பு. டாக்டர் மூன்று மாசம் கெடு வைத்திருந்தார். மருந்தைச் சாப்பிடு, தூசியைக் குறை, அதற்குள் நெஞ்சு தெளியவில்லையென்றால் இந்த வேலையை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். நிலமும் போய், வண்டியும் போனால் மனுஷன் என்ன செய்வார்?

அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதப் போட்டா நான் வண்டி ஓட்டலாங்களா?" கறுப்பு ஃபில்டர் பெட்டியைப் பார்த்தேன். தூசியில் தொண்ணூற்றொன்பது சதவீதத்தை நிறுத்தும் என்று போட்டிருந்தது. "தாராளமா ஓட்டுங்கண்ணே. ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல. வாரத்துல ரெண்டு தடவை ஃபில்டருக்கு ஏர் மட்டும் அடிச்சுக்குங்க, நான் கேரன்ட்டி" என்றேன். நாக்கு எவ்வளவு சுலபமாகப் புரள்கிறது பாருங்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். "நமக்கு இங்கிலீசு படிக்க வராதுங்க. பெட்டிய நம்பல, உங்களத்தான் நம்பிக்கினு போறேன்."

நாலு துண்டு பனியன்

பத்தே நாளில் வந்துவிட்டார். அதே இருமல். ஆனால் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நாலு துண்டுத் துணி, வெள்ளைப் பனியனைக் கத்தரித்தது. டாஷ்போர்டில் ஏ.சி. காற்று வருகிற நாலு வாயிலும் கொடியில் துணி காயப்போடுகிற கிளிப்பால் இதை மாட்டிவிட்டு, ஒரு ஷிஃப்ட் முழுக்க மைன்ஸுக்குப் போய் வந்திருக்கிறார். காற்று பட்ட இடமெல்லாம் வட்டம் வட்டமாக அழுக்கு.

 ஃபில்டர் வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்க இதைவிட நேரான வழி யாருக்குத் தோன்றும்? நான் பெட்டியைப் படித்தேன், இந்த மனுஷன் காற்றைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். உடனே கறுப்பு ஃபில்டர் கம்பெனியின் சேல்ஸ் ரெப்புக்குப் போன் போட்டு, வாய்க்கு வந்தபடி கத்தினேன். கலியமூர்த்தி அண்ணன்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். "திட்டாதீங்கம்மா, அந்தப் புள்ள என்னா பண்ணும்? அதுவும் பெட்டியத்தான படிச்சிக்கினு இருக்கும்."

ஊதுபத்தி வித்தை

ரெப் சென்னையிலிருந்து வந்து இறங்கினான். டை கட்டின பையன், நல்ல பையன்தான், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு ஃபில்டர், ஒரு குட்டி ஃபேன். ஊதுபத்தியைக் கொளுத்தி உள்ளே வைத்தான், பெட்டி முழுக்கப் புகை. ஃபேனைப் போட்டான். ஒரு நிமிஷத்தில் புகை மாயம்! கடையில் நின்ற எல்லாரும் "அட" என்றார்கள். முதலாளி கைதட்டியே விட்டார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

வைப்பர் வாங்க வந்து, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார் வசந்தி மேடம். தெர்மல் எனப்படும் அனல்மின் நிலையத்தில், லேபில் வேலை. சாம்பலையும் தூசியையும் நிறுத்துப் பார்ப்பதே பல வருஷமாக அவர் உத்தியோகம். "தம்பி, அந்த ஃபில்டர எடுத்துட்டு இன்னொரு தடவை காட்டுங்க" என்றார், ரொம்ப மரியாதையாக. பையன் தயங்கினான். எடுத்தான். ஊதுபத்தி வைத்தான், புகை நிறைந்தது, ஃபேனைப் போட்டான். அதே ஒரு நிமிஷம், அதே மாயம்! ஃபேன்தான் புகையைப் பின்பக்கத்து ஓட்டை வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.  மேடம் குனிந்து பெட்டிக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஃபேன் நல்லா இருக்கு தம்பி. எந்த கம்பெனி?"

எந்தப் பரீட்சையில்?

அன்றைக்கே வசந்தி மேடத்திடம் கலியமூர்த்தி அண்ணனின் பனியன் துண்டுகளைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புடவைக் கடையில் பட்டுப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "யார் செஞ்சது இது? லேப்ல புதுசா வர்றவங்களுக்கே இத நான் சொல்லித்தர வேண்டியிருக்கு" என்றார். பிறகு அண்ணனை வரவழைத்து, உட்கார்ந்து கட்டளைகள் போட்டார். விலை உயர்ந்த கறுப்பு, நடுத்தரம் ஒன்று, பெயரே கேள்விப்படாத மலிவு ஒன்று, ஆக மூன்று புது ஃபில்டர்கள். ஒவ்வொன்றும் நாலு நாள். அதே ரோடு, அதே ஷிஃப்ட், கண்ணாடி ஏற்றியே இருக்க வேண்டும், ஃபேன் இரண்டில். தினமும் புதுத் துணி, அதில் பால்பாயின்ட் பேனாவால் நாளும் நம்பரும். மாட்டுவதற்கு முன் ஃபில்டரை வெயிலில் காயவைத்து நிறுக்க வேண்டும், கழற்றியதும் அதே மாதிரி காயவைத்து நிறுக்க வேண்டும். காகிதம் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக் கனம் காட்டுமாம்.

உங்கள் ஆபீஸ் லேப் தராசில் வைத்துப் பார்க்கலாமே மேடம் என்று நான் கேட்டுத் தொலைத்தேன். "ஆபீஸ் தராசு ஆபீஸ் வேலைக்கு" என்று ஒரே வெட்டு. எனக்கு அவர் மேல் மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது. கலியமூர்த்தி அண்ணன் ஒவ்வொரு கட்டளைக்கும் தலையாட்டிக்கொண்டே, மறக்காமல் இருக்க விரல் மடக்கி எண்ணிக்கொண்டார். டாக்டர் கெடுவில் இரண்டு வாரம் இதிலேயே போய்விடுமே என்று எனக்குத்தான் கவலை. பேசாமல் பெட்டியை எடுத்து, அதில்தான் தொண்ணூற்றொன்பது போட்டிருக்கிறதே என்று முணுமுணுத்தேன். மேடம் காதில் விழுந்துவிட்டது. "எதுல தொண்ணூத்தொன்பது, சுமதி? மணல்லயா, மாவுலயா, புகையிலயா? மார்க் மட்டும் சொன்னா போதுமா, எந்தப் பரீட்சைன்னு சொல்ல வேணாமா?"

சேதாரம்

தராசுக்கு எங்கே போவது? பஜாரில் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் அவருடைய எலெக்ட்ரானிக் தராசில் ஃபில்டரை வைக்க மாட்டேன் என்று முதலில் முறுக்கினார். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு மனுஷன் மூச்சு விடற சமாசாரமா? கொண்டாங்க" என்று அவரே துணியால் தட்டைத் துடைத்து வைத்தார். மூன்று ஃபில்டரின் எடையையும் மோதிரம் செயின் எழுதுகிற நோட்டிலேயே எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து, மூன்றையும் நாலு நாள் ஓட்டி முடித்து, காயவைத்து மறுபடியும் கொண்டுபோனோம். மலிவும் நடுத்தரமும் கொஞ்சம் கனம் ஏறியிருந்தன. தூசி பிடித்தால் ஏறத்தானே செய்யும்? ஆனால் விலை உயர்ந்த கறுப்பு ஃபில்டர் புதுசாக இருந்தபோது இருந்ததைவிட எடை குறைந்திருந்தது. நாலு நாள் மைன்ஸ் ரோட்டில் தூசி தின்றுவிட்டு இளைத்துப்போன ஃபில்டரை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மூன்று தடவை வைத்து வைத்து எடுத்தார். தராசில் கோளாறில்லை. நகைக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்க தொழில்ல இதுக்குச் சேதாரம்னு பேரு. நான் எடுக்கல. நடுவுல யாரும்மா எடுத்தது?"

காற்றடிக்கிற கடையில்

மறுநாள் வசந்தி மேடம் பன்னிரண்டு நாள் துணிகளையும் கவுன்ட்டரில் மூன்று வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் முதல் நாள் துணி பால் மாதிரி வெள்ளை. இரண்டாம் நாளிலிருந்து அழுக்கு. கறுப்பிலும் அப்படித்தான், மலிவிலும் அப்படித்தான். மேடம் மூன்று வரிசையையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கலியமூர்த்தி அண்ணனிடம் கேட்டார். "முதல் நாள் ஷிஃப்ட் முடிஞ்சதும் வண்டிய என்ன பண்ணுவீங்க?" அண்ணனுக்குக் கேள்வியே புரியவில்லை. "என்னா பண்ணுவேன்? எல்லாரும் பண்றதுதாங்க. சீட்டு, மேட்டு, ஃபில்டரு எல்லாத்துக்கும் ஏர் அடிச்சிக்கினு வூட்டுக்குப் போவேன். நெஞ்சு இப்பிடி இருக்குதேன்னு, வாரத்துக்கு ரெண்டு தபா போதும்னாலும் நான் தெனம் அடிக்கறங்க."

எங்கள் ஊரில் அது பழக்கம். மைன்ஸில் பெரிய வண்டிகளின் இன்ஜின் ஃபில்டரைத் தட்டி, காற்றடித்து மறுபடியும் மாட்டுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஃபில்டர் என்றாலே காற்றடிக்க வேண்டும் என்பது எங்களுக்கு ரத்தத்திலேயே ஊறிப்போனது. பக்கத்து டயர் கடைக்கு எல்லாரும் போனோம். அண்ணன் நிறுத்து முடித்த கறுப்பு ஃபில்டரைக் கொடுத்தார், டயர்கடைக்காரர் லாரி டயருக்கு அடிக்கிற காற்றைக் கிட்டே வைத்து அடித்தார். கறுப்புப் பொடி புஸ்ஸென்று பறந்து தரையெல்லாம் சிதறியது. இதுதான் காணாமல் போன எடை! மேடம் ஃபில்டரை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். மடிப்புக்கு மடிப்பு பொடிப்பொடி ஓட்டை. எல்லாரும் அதைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். டயர்கடைக்காரர் மட்டும் தன் வேலையைப் பாராட்டத்தான் நிற்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல. "டிப்பர் லாரி ஃபில்டருக்கே இந்தக் காத்துதான் மேடம் அடிக்கறேன், இது எம்மாத்திரம்!"

பார்கோடுக்குக் கீழே

கடைக்கு ஓடி வந்து பெட்டியைத் திருப்பினேன். பனிமலைப் பக்கம் இல்லை, குழந்தைப் பக்கம் இல்லை, அடிப்பக்கம். பார்கோடுக்குக் கீழே எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது: காற்றழுத்தம் கொடுத்துச் சுத்தம் செய்யக் கூடாது, கழுவக் கூடாது, புதுசு மாற்ற வேண்டும். மற்ற இரண்டு பெட்டியிலும் அதேதான். இங்கிலீஷ் படிக்கத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள்! நான் பெரிய எழுத்தை மட்டும் படித்து, சின்ன எழுத்துக்கு நேர் எதிராக ஊருக்கே உபதேசம் பண்ணியிருக்கிறேன். வெட்கக்கேடு. கம்பெனிக்காரன் ஊதுபத்தியில் ஏமாற்றப் பார்த்தான் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மனுஷனின் நெஞ்சில் தூசி இறங்கியதற்கு என் வாயும் ஒரு காரணம்.

கலியமூர்த்தி அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். "தப்பு என்னோடதுண்ணே. ஏர் அடிங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திட்டுவார், திட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிப்பு. "இதுக்கா அழுவறீங்க? நெஞ்சுதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேங்க. கெட்டது பழக்கந்தான்னா மாத்திக்கலாமில்ல? நல்ல சேதிதானம்மா இது!"

மார்க்கர் பேனா

அன்றைக்கே நடுத்தர ஃபில்டர் புதுசாக ஒன்று மாட்டினோம். காற்றடிப்பதை நிறுத்தினார்.  அதன் பிறகு துணி வெள்ளையாகவே வந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். தினமும் சாயந்திரம் அண்ணன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, துணியைக் கண்ணாடி வழியாகக் கொடி மாதிரி ஆட்டிக் காட்டிவிட்டுப் போவார். நான் பில் போடுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். இதற்கிடையில் கறுப்பையும் மலிவையும் காற்றடிக்காமல் வசந்தி மேடத்தின் காரிலும் என் சித்தப்பா காரிலும் ஓட்டிப் பார்த்தோம். கறுப்பு நிஜமாகவே வாடையைக் குறைத்தது, ஆனால் ஒரு வருஷமெல்லாம் தாங்காது, எங்கள் ரோட்டில் ஒன்றரை மாசத்தில் அடைத்துக்கொண்டது. யாரும் மதிக்காத அந்த மலிவு ஃபில்டர், தூசியை நடுத்தரத்துக்குச் சமமாக நிறுத்தியது. அதன் பெட்டியில் பனிமலை இல்லை, சதவீதம் இல்லை, "ஃபில்டர்" என்று மட்டும் போட்டிருந்தது.

மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொரு பெட்டியிலும் தமிழில் எழுதினேன். "வாடைக்கு நல்லது, மைன்ஸ் ரோட்டில் ஒன்றரை மாசம்." "தூசிக்கு நல்லது, வாடைக்கு ஆகாது." எல்லாவற்றுக்கும் கீழே "ஏர் அடிக்காதீர்கள்." முதலாளி, கம்பெனிக்காரன் பார்த்தால் சரக்குக் கொடுக்க மாட்டான் என்று புலம்பினார். சொல்லி வைத்த மாதிரி ரெப் பையன் அடுத்த வாரம் வந்து நின்றான். பெட்டி பெட்டியாக எடுத்துப் படித்தான். நான் சண்டைக்கு இடுப்பில் கைவைத்து நின்றேன். அவன் டையைத் தளர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். "அக்கா, இதப் படிச்சப்புறம்தான் எங்க பெட்டி மேல எனக்கே நம்பிக்கை வருது."

டாக்டர் மேஜையில்

கெடு முடிந்த நாள் காலையில் அண்ணன் டாக்டரிடம் போனார். அன்றைக்கு நான் செய்த வேலையைக் கேட்காதீர்கள். ஹெட்லைட் பல்பு கேட்டவருக்கு வைப்பரைக் கொடுத்து, ஹார்ன் கேட்டவருக்குப் பல்புக்குப் பில் போட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் வரைக்கும் அவரைக் காணோம். வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. வண்டியை விற்றுவிடு என்று சொல்லியிருப்பாரோ? விற்கப்போகிற வண்டியோடுதான் வருவாரோ?

இரண்டு மணி வாக்கில் வந்தார். வந்தவர் கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார், கண் கலங்கியிருந்தது.  "என்னண்ணே, சொல்லுங்க" என்று அதட்டினேன். மெள்ளச் சொன்னார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்திருக்கிறார், ஊதச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எவ்வளவோ தேவலை, எப்படி என்று கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு விளக்கத் தெரியவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து துணிகளை எடுத்து, நாள் வாரியாக அவர் மேஜையிலேயே அடுக்கிவிட்டார். அழுக்கு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். டாக்டர் வெளியே காத்திருந்த நோயாளிகளைக்கூட மறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாராம். மருந்தை நிறுத்தாதே, மைன்ஸில் வண்டியை விட்டு இறங்கினால் மாஸ்க் போடு, காற்றடிக்கிற இடத்தில் நிற்காதே என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டேன். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "'இருமிக்கினு வர்றவங்கள தெனம் பாக்கறேன்யா. அது எங்கேருந்து வருதுன்னு துணியில புடிச்சிக்கினு வந்தவன் நீ ஒருத்தன்தான். போ, வண்டிய எடு'ன்னுட்டாருங்க!"

ஆக, என்னோடு சேர்ந்து ஏமாந்தவர்களே, காற்றை வடிகட்ட ஒரு ஃபில்டர் போதும், அந்த ஃபில்டரின் பெட்டி சொல்வதை வடிகட்டத்தான் ஒரு டிரைவர், ஒரு லேப் மேடம், ஒரு நகைக்கடைக்காரர், ஒரு டாக்டர் என்று நாலு பேர் எங்களுக்குத் தேவைப்பட்டார்கள்.